நாற்பத்தாறு வயதில் ஒரு வேஷம்

என் தோழி ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சலர். வயது 46. காலேஜில் நாடகம், நாடகம் என்று அலைந்தவள், கல்யாணத்தோடு நின்றது. போன மாதம் ஒரு நாடகக் குழு கூப்பிட்டிருக்கிறது. முக்கிய வேஷம்! 'இந்த வயசுல எதுக்கு?' என்றாராம் கணவர். 'வேலையையே விட்டுடலாமான்னு இருக்குடி' என்கிறாள் இவள்.

நடிக்கட்டுமே! வக்கீல் சாருஹாசன் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தில் நடித்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். பிறகு தேசிய விருதே வாங்கினார். (ஆம்பளைக்கு யார் வயசு பார்க்கிறார்கள்!)

ஆனால், வேலையை இப்போது விடாதே என்றேன். வீட்டில் சொல்ல முடியாததை ப்ளஸ் டூ பிள்ளைகள் சிலர் அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதியைக் கேட்க, பரீட்சை முடியும்வரை அவள் அங்கே வேண்டும். ஒத்திகை சாயங்காலம்தானே? ராத்திரி தோசையைக் கணவர் வார்க்கட்டும்.