ஊதுங்க... இன்னொரு தடவை ஊதுங்க!

டிஸ்கி: குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவனுக்கு வக்காலத்து வாங்குற பதிவு இல்லைங்க இது. எங்க தெருவுலயே ஒரு பையன் குடிகாரன் ஓட்டுன வண்டியில அடிபட்டுச் செத்துருக்கான். அவனைத் தூக்கிட்டு ஓடுனவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால "அப்ப குடிச்சிட்டு ஓட்டலாம்ங்கறீங்களா?"ன்னு பின்னூட்டம் போட வர்ற அனானி அண்ணாச்சி, முழுசா படிச்சிட்டு கும்முங்க.

விஷயம் இதுதான். எங்க பெரியப்பா பையன் ஒருத்தர், 22 வருஷமா லாரி டிரைவர். நாமக்கல்லுல முட்டை லோடு ஏத்துனா விடியறதுக்குள்ள இறக்கணும்னு ஓட்டுற ஆளு. வருஷாவருஷம் பழனிக்கு நடந்து போறவர். சாராயக் கடைப்பக்கம் மூத்திரம் போகக்கூட ஒதுங்க மாட்டார். போன வருஷம் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணு புடுங்குனாங்க. புண்ணு ஆறுற வரைக்கும் கொப்புளிக்கச் சொல்லி ஒரு மவுத்வாஷ். ராத்திரி ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தி கொப்புளிச்சுட்டு ஏறியிருக்கார். ரெண்டு கிலோமீட்டர் தாண்டல, மடக்கிட்டாங்க. எந்த ஊரு, எந்த ஸ்டேஷன்னு சொல்லப் போறதில்லை. ஊதச் சொன்னாங்க. 38.

"சார், வாய் கொப்புளிச்சேனுங்க, இந்தா பாட்டல். பத்து நிமிசம் கழிச்சு இன்னொருக்கா ஊதறனுங்க"ன்னு கெஞ்சியிருக்கார். "எல்லாரும் இதைத்தான்டா சொல்றீங்க"ன்னுட்டாங்களாம். ரத்தமும் எடுக்கல. கோர்ட்டுல 10,000 ரூபாய் அபராதம், மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். "ஏண்ணா ஒத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டேன். "கேசு நடத்துனா வாய்தாவுக்கு வாய்தா வரணும் கண்ணு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு டிரிப்பு போயிரும். ஒத்துக்கிட்டா மூணு மாசத்தோட முடிஞ்சுது"ன்னார்.

முடிஞ்சுதா? அவரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்த நேரம் அது. "டிரைவர் குடிப்பாராமே, கேசு கூட ஆச்சாமே"ன்னு ஒரு இடம் நழுவிப் போச்சு.

அப்பறந்தான் இந்த மெஷின் எப்படித்தான் வேலை செய்யுதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். (ஆபீஸ்ல ஆணி கம்மி.)

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். அது உங்க ரத்தத்துல ஒரு சொட்டைக் கூடப் பாக்கல. மூச்சுல இருக்கற ஆல்கஹாலைப் பாக்குது. ஓரளவு நல்ல மெஷின்ல ஃபூயல் செல் இருக்கும். ஆல்கஹால் பட்டா அந்த பிளாட்டினத் தகட்டுல வேதிவினை நடந்து சின்ன கரண்ட் ஒண்ணு வரும், அந்தக் கரண்ட்டு எவ்வளவோ அவ்வளவு ஆல்கஹால். மலிவான மெஷின்ல செமிகண்டக்டர் சென்சார். அது ஆல்கஹாலைத் தவிர மத்த சில ஆவிகளுக்கும் அசையும், சர்க்கரை முத்திப் போனவங்க மூச்சுல வர்ற அசிட்டோன் உட்பட.

அதுக்கப்பறம் ஒரு பெருக்கல் கணக்கு. 2100 மில்லி மூச்சுல இருக்கற ஆல்கஹாலும் 1 மில்லி ரத்தத்துல இருக்கறதும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு மெஷின் பெருக்கிக் காட்டுது. ஆனா இந்த 2100 ஆளுக்கு ஆளு மாறும், ஒரே ஆளுக்கே நேரத்துக்கு நேரம் மாறும். நியாயமா ஒண்ணு சொல்லிடறேன்: நிறைய பேருக்கு இது 2100க்கு மேலதான், அதனால மெஷின் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். குடிச்சவன் தப்பிக்கறதும் நடக்குது. ஆனா ஒருத்தருக்கு 1500தான்னு வைங்க. ரத்தத்துல நிஜமா 25 இருந்தா மெஷின் 35ங்கும். காய்ச்சலா இருந்தா இன்னும் மோசம். உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறுனா கணக்கு ஆறு, ஏழு சதவீதம் ஏறும்.

"சின்ன வித்தியாசந்தானே"ங்கறீங்களா? நம்ம ஊரு எல்லை என்னன்னு பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185: 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். இங்கிலாந்துல, அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல 80. எல்லை கீழ இருக்கறது நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா 80 கிட்ட அஞ்சு மில்லிகிராம் பிசகுறதும், 30 கிட்ட அஞ்சு பிசகுறதும் ஒண்ணா? எல்லையை எவ்வளவு கீழ இறக்குறோமோ அவ்வளவு துல்லியமா கருவி இருக்கணும். நாம எல்லையை மட்டும் இறக்கிட்டோம்.

இன்னொரு கூத்து. அந்தப் பிரிவுல 'குடிச்சிருந்தா'ன்னு மட்டும் எழுதல. மூச்சுக் கருவி சோதனையில 30க்கு மேல காட்டுனாங்கறதே குற்றத்தோட பாகம். (2019 திருத்தத்துலதான் ஆய்வகச் சோதனையும் சேர்ந்துச்சு. 2000மா இருந்த முதல் அபராதம் 10,000 ஆனதும் அதே திருத்தத்துல.) அதாவது மெஷின் வெறும் சாட்சி இல்லைங்க, பாதி தீர்ப்பே அதுதான்.

எங்க அண்ணன் விஷயத்துல நடந்ததுக்குப் பேரு 'வாய் ஆல்கஹால்'. நுரையீரல்ல இருந்து வர்ற மூச்சை அளக்கணும். வாயிலயே ஈரமா ஆல்கஹால் ஒட்டிட்டிருந்தா மெஷின் அதை அளந்து, 2100ஆல பெருக்கி, ரத்தத்துல இருக்குன்னு காட்டிரும். ஹோமியோபதி சொட்டு மருந்து, சில இருமல் சிரப், சில மவுத்வாஷ் எல்லாம் இந்த ஜாதிதான். பதினஞ்சு நிமிஷம் ஒண்ணும் சாப்பிடாம குடிக்காம உக்கார வச்சுட்டு மறுபடி ஊதச் சொன்னா இது காணாமப் போயிரும். பதினஞ்சே நிமிஷம்! வெளிநாட்டுல ஆதாரமா வைக்கற சோதனைக்கு இதை விதியாவே வச்சிருக்காங்க. மவுத்வாஷ்னு எல்லாரும் பொய் சொல்றாங்கன்னா, அந்தப் பொய்யைப் புடிக்கவும் இதே பதினஞ்சு நிமிஷம் போதுமே?

2025ல கேரளாவுல பந்தளம் அரசு பஸ் டிப்போவுல நடந்த கதை தெரியுமா? டியூட்டிக்கு முன்னாடி ஊதுன டிரைவர்கள் மாட்டிக்கிட்டாங்க. சத்தியமா குடிக்கலைங்கறாங்க. கடைசியில பாத்தா எல்லாரும் பலாச்சுளை தின்னுருக்காங்க! பூஜ்யம் காட்டுன ஒருத்தருக்கு சுளையைக் கொடுத்து ஊதச் சொன்னா அவரும் 'குடிகாரர்'. நம்ம கொல்லிமலைப் பலாவுக்கு எவ்வளவு காட்டுமோ, ஆடி நோம்பிக்குப் போறவங்க சாக்கிரதை. ஹிஹி.

சிரிப்பை விடுங்க. 2023 ஜனவரியில சென்னையில ஒரு கார்க்காரரை ஊதச் சொன்னப்ப 45 காட்டுச்சு. அவரு விடாம சண்டை போட்டார். வேற மெஷின்ல ஊதுனா பூஜ்யம். வீடியோ சுத்துச்சு, மெஷின் கோளாறுன்னு விட்டாங்க. (பத்திரிகைக்காரங்க '45 சதவீதம் ஆல்கஹால்'னு போட்டாங்க. ரத்தத்துல 45 சதவீதம்னா ஆளு பாடையிலதான் இருக்கணும். அது 0.045 சதவீதம், சாமிகளா.) அவருகிட்ட செல்போன் இருந்துச்சு, சென்னை இருந்துச்சு, வம்பு புடிக்க நேரம் இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு முட்டை லோடோட நிக்கறவனுக்கு என்ன இருக்கு?

இப்ப நம்மூரு விஷயத்துக்கு வர்றேன். சந்தையில தக்காளி விக்கற அக்கா வச்சிருக்கற எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷாவருஷம் தொழிலாளர் துறையில முத்திரை வாங்கணும். இல்லைன்னா கேசு. பெட்ரோல் பங்க் மெஷினுக்கு முத்திரை. பெட்ரோல் ஏத்துற டேங்கர் லாரி இருக்கே, அதோட டேங்குக்கும் வருஷத்துக்கு ஒருக்கா அளவு சரிபார்த்து முத்திரை. ஆக, அண்ணன் ஓட்டுற வண்டியை எடை போடற பாலத்துக்கு முத்திரை உண்டு, அண்ணனை எடை போடற மெஷினுக்கு? சட்ட அளவியல் விதிகள்ல மூச்சுக் கருவியைச் சேக்கறதுக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025லதான் ஒரு வரைவே வெளியிட்டாங்க. வருஷா வருஷம் சரிபார்ப்பு, அச்சடிச்ச சீட்டு எல்லாம் அதுல இருக்கு. சட்டம் வந்தது 1988. முப்பத்தேழு வருஷமா நம்ம தக்காளி மட்டுந்தான் துல்லியமா இருந்துருக்கு.

சரிபாக்கலைன்னா என்ன ஆகும்னு அமெரிக்காவுல பாத்துட்டாங்க. நியூ ஜெர்சியில அளவு சரிபாக்கும்போது சரியான தெர்மாமீட்டரை வைக்காம விட்டதால, 2018ல அந்த மாநில உச்சநீதிமன்றம் 20,000க்கும் மேற்பட்ட சோதனைகளை நம்ப முடியாதுன்னு ஒதுக்குச்சு. மாசசூசெட்ஸ்ல மெஷின் தேறாமப் போன தாள்களையே ஆய்வகம் மறைச்சிருந்தது வெளிய வந்து, 2023ல சுமார் 27,000 வழக்கு ஆட்டம் கண்டுச்சு. நம்ம பக்கம் கேரள உயர்நீதிமன்றம் 2025ல ஒரு கேஸை ரத்து பண்ணுச்சு. ஆளு ஊதறதுக்கு முன்னாடி வெறுங்காத்துக்கு மெஷின் பூஜ்யம் காட்டணும். அந்த மெஷின் வெறுங்காத்துக்கே ஆல்கஹால் காட்டியிருக்கு!

"அப்ப மெஷினே வேண்டாமா?" வேணும். ரோட்டுல சலிச்சு எடுக்க அதைவிட வசதி கிடையாது. ஆனா சலிச்சதுக்கு அப்பறம் சட்டத்துலயே ஒரு படி இருக்கு. பிரிவு 204: மூச்சுக் கருவி ஆல்கஹால் காட்டி ஆளைக் கைது பண்ணுனா, ஸ்டேஷன்ல வச்சு பதிவு பெற்ற டாக்டர் மூலமா ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பிரிவு 202: கைது பண்ணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பரிசோதனை நடக்கலைன்னா வெளிய விட்டுரணும். 'கைது'ன்னு எழுதாம சீட்டைக் கிழிச்சு கோர்ட்டுக்கு அனுப்பிட்டா இந்த ரெண்டு படியும் தானா காணாமப் போயிருது. எங்க அண்ணனுக்கு நடந்தது அதேதான்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்லை. வெறுங்காத்துப் பூஜ்யத்தை ஓட்டுறவன் கண்ணுக்கு முன்னாடி காட்டுங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது ஊதல். மறுத்துச் சொன்னா ரத்தம். மெஷினை எப்ப சரிபாத்தாங்கன்னு அந்தச் சீட்டுலயே தேதி. இவ்வளவும் செஞ்சும் 38 காட்டுனா, அவனை உள்ள தள்ளுங்க, நானே வந்து கை தட்டறேன்.

வக்கீல் பதிவர்கள் யாராச்சும் இருந்தா ஒரு சந்தேகம்: ஒத்துக்கிட்டு அபராதம் கட்டுன கேஸை மறுபடி திறக்க வழி ஏதாச்சும் இருக்குதுங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க, இல்லாட்டி தனிமடல் போடுங்க. அண்ணன்கிட்ட அந்த மவுத்வாஷ் பாட்டலும் டாக்டர் சீட்டும் இன்னும் பத்திரமா இருக்கு. கொப்புளிக்கறதுக்கு இப்ப உப்புத்தண்ணிதான்.