கமரா பழுதானால் குற்றம் நம்முடையதா?



காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலை செய்யாவிட்டால் விற்றவரிடம் போய்க் கேட்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நம்மில் பலர் கேட்கத் தயங்குகிறோம். யுத்தத்தால் வீடு வாசலை இழந்து, முகாமிலும் கச்சேரியிலும் வரிசையில் நின்று, "நாளைக்கு வாருங்கள்" என்ற பதிலையே கேட்டுப் பழகியவர்கள் நாம். கடைக்காரர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "நமக்கேன் வம்பு" என்று திரும்பிவிடுகிறோம். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வன்னியிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி. கணவரை இழந்தவர். பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படம் பிடித்துக் கொடுத்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று நினைத்து, சீட்டுப் பணத்தில் கண்டி நகரக் கடையொன்றில் வீடியோ கமரா வாங்கினார். இரண்டாவது மாதமே படம் ஊதா நிறமாகிக் கோடு கோடாக விழத் தொடங்கியது.

கடைக்குக் கொண்டு போனார். "தண்ணீர் பட்டிருக்கும், உங்கள் பிழை" என்றார்கள். கொழும்பிலுள்ள சேவை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "வாங்கிய கடையிலேயே கொடுங்கள்" என்றார்கள். மறுபடியும் கடைக்குப் போனபோது, "வீட்டில் ஆம்பிளைகள் யாரும் இல்லையா? அவர்களை வரச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. பஸ் காசும் இரண்டு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

படம் கெட்டால் அது பாவித்தவரின் பிழையாகத்தான் இருக்க வேண்டுமா? 2005ஆம் ஆண்டு ஒக்டோபரில் உலகம் முழுவதும் தெரிய வந்த ஒரு விடயத்தைப் பாருங்கள். கமராவுக்குள் படத்தை உள்வாங்கும் சிறிய சில்லு ஒன்று இருக்கிறது. சோனி நிறுவனம் தயாரித்த அத்தகைய சில்லுகளில் ஒரு பகுதி, வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடங்களில் உள் இணைப்பு விட்டுப் பழுதாகின. படம் சிதைந்தது, சில கமராக்களில் படமே வரவில்லை. சோனியின் கமராக்களில் மட்டுமல்லாமல், அதே சில்லைப் பொருத்தியிருந்த கெனன், நிக்கொன் போன்ற நிறுவனங்களின் கமராக்களிலும் இந்தப் பழுது இருந்தது. நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியலை வெளியிட்டு, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகத் திருத்திக் கொடுத்தன.

அந்தச் செய்தி வருவதற்கு முன் எத்தனை பேர் "நான்தான் பிழையாகப் பாவித்துவிட்டேன்" என்று எண்ணிக் கமராவை மூலையில் போட்டிருப்பார்கள்! திறந்து பார்க்காமல், சோதிக்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து "உங்கள் பிழை" என்று சொல்வது தீர்ப்பு அல்ல. என்ன பழுது, எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாமே தயாரித்தவரின் பிழை என்றும் சொல்ல முடியாது. நுவரெலியாக் குளிரில் இருந்த கமராவைக் கண்டிக்குக் கொண்டு வந்து உடனே போட்டால் உள்ளே பனி படியும். நாடா போடும் கமராக்கள் அப்போது எச்சரிக்கை காட்டி ஓட மறுக்கும். நாடாப் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இவற்றைப் பார்த்த பின்பும் பழுது இருந்தால் கடைக்குப் போங்கள்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பத்திரிகைகளில் இதை நுகர்வோர் விவகார அதிகாரசபை என்றும் எழுதுவார்கள். வாங்குபவர் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். அதிகாரசபை விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ உத்தரவிட முடியும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

இந்த மூன்று மாதத்தைக் கவனியுங்கள். "அடுத்த கிழமை வாருங்கள்" என்று இழுத்தடிக்கும்போது போய்க்கொண்டிருப்பது நமது நாட்கள். காலம் தவறிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இணக்க சபைகள் உள்ளன. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் பயம் வேண்டாம். 1987இல் செய்யப்பட்ட 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. கண்டியில் இருந்தாலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. வாங்கியவர் நீங்கள் என்றால் முறையிடும் உரிமையும் உங்களுடையதே. அதற்கு வீட்டில் ஆண் துணை இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

2. கமராவைத் திருத்தக் கொடுக்கும்போது அதன் தொடர் இலக்கம், பழுது, கொடுத்த திகதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பத்துடன் துண்டு வாங்குங்கள்.

3. உள்ளே இருக்கும் நாடாவையோ நினைவக அட்டையையோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். காணாமற்போன மகனோ இறந்த கணவரோ நடமாடும் ஒரே படம் நம்மில் சிலரிடம் அப்படியொரு நாடாவில்தான் இருக்கிறது. கமராவை மாற்றித் தரலாம், அதை யாராலும் மாற்றித் தர முடியாது. நாடா சிக்கி வெளியே வராவிட்டால் "உள்ளே நாடா உள்ளது, அழிக்கக் கூடாது" என்று துண்டில் எழுதச் செய்யுங்கள்.

4. இரண்டு முறை போயும் பதில் இல்லையென்றால் மூன்றாம் முறை போகாமல் கடிதம் எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"இன்ன திகதியில் உங்கள் கடையில் இன்ன இலக்கப் பற்றுச்சீட்டின்படி வீடியோ கமரா ஒன்றை வாங்கினேன். இன்ன திகதி முதல் படம் தெளிவாக வரவில்லை. இன்ன திகதிகளில் நேரில் வந்து அறிவித்தேன். உத்தரவாதக் காலம் முடியவில்லை. 14 நாட்களுக்குள் திருத்தியோ மாற்றியோ தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்."

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் துண்டைப் பிரதியோடு இணைத்து வையுங்கள். மூன்று மாதம் முடிய அதிக நாள் இல்லாவிட்டால் 14 நாள் பார்த்திருக்காமல் அதிகாரசபைக்கும் உடனே எழுதுங்கள்.

கட்டுகஸ்தோட்டைச் சகோதரியும் இப்படித்தான் எழுதினார். தமிழில், தன் கையெழுத்தில். மூன்றாவது கிழமை கடையிலிருந்தே அழைப்பு வந்தது, வேறு கமரா கொடுத்தார்கள். எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாயால் கேட்டதை மறுத்தவர்கள், எழுத்தில் வந்ததை மறுக்க யோசித்தார்கள்.

இது கமராவுக்கு மட்டுமல்ல. கைத்தொலைபேசி, தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். இன்றே ஒரு பழைய கோவையை எடுத்து, வீட்டிலுள்ள பற்றுச்சீட்டுகளை அதில் போட்டு வையுங்கள். படிக்கத் தெரியாத அயல்வீட்டு அக்கா இருந்தால் அவருடைய பற்றுச்சீட்டையும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.