இரும்பு மாத்திரைக்கு மசியாத சோகை

ஊவாவின் தோட்டங்களில் இரத்தச்சோகை என்றதும் இரும்பு மாத்திரை எழுதுகிறோம். பெரும்பாலும் அது சரியான வைத்தியந்தான். ஆனால் 3 மாதம் ஒழுங்காக விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், கிளினிக் கொப்பியில் அதே மருந்தை மறுபடி எழுதுவதில் நியாயம் இல்லை. அந்த இடத்தில் நாட்பட்ட அழற்சியைத் தேட வேண்டும். ஐ.எல்.-6 தூண்டக் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரக்கிறது. ஹெப்சிடின் குடலிலிருந்து இரும்பு ஏறுவதையும் சேமிப்பிலிருந்து அது வெளிவருவதையும் தடுக்கிறது. ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

அழற்சி சோகையோடு நின்றுவிடுவதில்லை, சிலரில் குருதிப் புற்றுக்கும் வழிவிடுகிறது. இதற்குத் தெளிவான சான்று இரைப்பையின் மால்ட் லிம்போமா. 1993இல் வதர்ஸ்பூன் குழுவினர் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை மருந்தால் ஒழித்தபோது, 6 நோயாளிகளில் 5 பேருக்குக் கட்டியின் தடயமே இல்லாமல் போனது. அடுத்தது முடக்குவாதம். 2006இல் வெளியான சுவீடன் ஆய்வில், நோய் ஆண்டுக்கணக்கில் மிகத் தீவிரமாக இருந்தவர்களுக்கு லிம்போமா அபாயம், நோய் அடங்கியிருந்தவர்களைவிடச் சுமார் 70 மடங்கு. அபாயத்தைக் கூட்டியது அடங்காத நோய்தான், அதற்குக் கொடுத்த மருந்தல்ல. மூன்றாவது, 2014இல் கவனத்துக்கு வந்த குளோனல் ஹீமடோபொயசிஸ். 70 வயதைத் தாண்டியோரில் பத்தில் ஒருவருக்கேனும் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணு மாற்றமுள்ள குருதிக் கலங்கள் பெருகியிருக்கின்றன. அவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்குக்கூடப் புற்று வருவதில்லை. ஆனால் அழற்சி நிறைந்த சூழலில் டெட்2 பிறழ்ந்த கலங்கள் மற்றவற்றை முந்துகின்றன.

தெரிந்ததற்கு மேல் பேசவும் கூடாது. லயன் அறையின் விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும். அதை லுகேமியாவோடு முடிச்சுப் போட இன்று ஆதாரம் போதாது. காய்ச்சலும் வீக்கமும் உள்ளவரையெல்லாம் புற்றுநோய் என்று பயமுறுத்துவது வைத்தியம் ஆகாது.

ஆனால் பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ இருந்துகொண்டே செய்யக்கூடியவை பல. கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகுவலியைக் கூடையின் பாரம் என்று தள்ளிவிடுவது எளிது. வயது ஐம்பதைத் தாண்டி, சோகையும் சேர்ந்து, ஈ.எஸ்.ஆர். 100ஐத் தொட்டு, சி.ஆர்.பி. மட்டும் சாதாரணமாக இருந்தால், அந்த ஈ.எஸ்.ஆரை ஏற்றியது அழற்சி அல்ல, பாராபுரதமாக இருக்கலாம். மைலோமாவை நினைத்து சீரம் புரத எலக்ட்ரோபோரசிஸ் கேளுங்கள். காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் கழுத்துக் கட்டிக்கும் பயாப்சிக்கு முன்பே பிரெட்னிசலோன் கொடுத்தால், லிம்போமா சில வாரம் சுருங்கி ஒளிந்துகொள்ளும். காசநோயாக இருந்தாலோ பரவும். மெத்தோட்ரெக்சேட்டைப் “புற்றுநோய் மருந்தாம்” என்று கேள்விப்பட்டு நிறுத்திவிடும் மூட்டுவாத நோயாளிக்கு, மூட்டை அடக்கி வைப்பதே பாதுகாப்பு என்பதை உட்கார்ந்து விளக்குங்கள். வலி குறைந்தால் போதாது, அழற்சி அடங்க வேண்டும்.

பதுளைக்கு ஒருமுறை போய்வந்தால் தொழிலாளிக்கு அன்றைய பேர் இல்லை. மகரகம அபேக்ஷாவுக்குப் போவதென்றால் துணைக்கு வருபவரின் பேரும் போகும். எஃப்.பி.சி.க்கு ஒரு நாள், பிளட் பிக்சருக்கு இன்னொரு நாள் என்று அலைய விட்டால் மூன்றாம் முறை வரமாட்டார். பிறகு அவரைக் கவனமில்லாதவர் என்று குறைசொல்லிப் பயனில்லை. எஃப்.பி.சி., பிளட் பிக்சர், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நான்கையும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் “இரும்பு 3 மாதம் கொடுத்தோம், ஏற்றமில்லை” என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பதுளையில் கடிதத்தைப் பிரிப்பவர் விசாரணையை முதலிலிருந்து தொடங்காமல், நாம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர அது போதும்.