ஸ்க்ரூ மேல தப்பில்லை சாமி!

மக்களே, நான் குப்பை கொட்டும் இந்தப் புனேயில் ஆடியோ பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. மாற்றலாகி வருகிறவர்கள் பழைய ஜப்பான் சிடி பிளேயரையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வழியில் லேசர் பகுதி ஆடாமலிருக்க, சிலவற்றின் அடியில் டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ உண்டு. வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். அது அசையாது. அப்போது ஆரம்பிக்கும் கச்சேரி!

ஒருவர் டபிள்யூடி-40 அடி என்பார், இன்னொருவர் டிரில் போடு என்பார். அடப்பாவிகளா! எண்ணெய் உள்ளே போனால் லென்ஸுக்கும் ரப்பர் பெல்ட்டுக்கும் கேடு. டிரில் போட்டால் இரும்புத்தூள் மோட்டார் காந்தத்தில் ஒட்டும்.

என்னைக் கேட்டால், குற்றவாளி உங்கள் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவர்தான். நாம் 'ஸ்டார்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 1936ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ். மற்றது ஜப்பானின் ஜேஐஎஸ். பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை ஜேஐஎஸ் பள்ளத்தில் முழுசாக உட்காராது. திருகத் திருக நழுவித் தலையை மழுக்கிவிடும். ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் ஜேஐஎஸ்.

அதற்கான டிரைவரை வாங்கி, நன்றாக அழுத்திப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, பிறகு எதிர்ப்பக்கம் திருகுங்கள். பெட்டிக்கு லட்ச ரூபாய், டிரைவருக்கு 30 ரூபாயா? என்ன நியாயம் இது?

கழற்றின ஸ்க்ரூவைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த டிரான்ஸ்பர் எப்படியும் வரும் :-)