ரெப்போ விகிதம் சேரிக்கு வருமா?

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைத்தால் வீட்டுக்கடன் தவணை குறையும் என்று தொலைக்காட்சிகள் கொண்டாடுகின்றன. அச்சரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் குழுக்கடன் தவணை கட்டும் பெண்களுக்கு அதனால் என்ன குறையும்?

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டிதான் ரெப்போ. விலைவாசி ஏறினால் அதை உயர்த்துவார்கள். கடன் வாங்குவது குறையும், கட்டட வேலைகள் சுணங்கும், செலவு சுருங்கும், விலை அடங்கும் என்பது கணக்கு. சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் நிறுத்த வேண்டும், 2 விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தி இலக்கு வைத்தார்கள். 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. மே மாதம் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 2025இல் படிப்படியாக 5.25க்கு இறங்கியது.

விலைவாசியை அடக்கத்தான் வேண்டும். ரிசர்வ் வங்கி என்றதும் பாபாசாகேப் அம்பேத்கரின் படத்தைப் பகிர்கிறோம். அவருடைய வாதத்தையும் சேர்த்துப் பகிர வேண்டும். 1923இல் வெளியான ‘ரூபாயின் பிரச்சினை’ நூலில் அவர் நிலையான விலைகளைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. ரூபாயின் மதிப்பு சரிந்தால் முதலாளிக்கு லாபம், கூலிக்காரருக்கு நட்டம் என்றார்.

அந்த அளவுகோலால் இன்றைய கொள்கையை அளப்போம். மழை கெடுத்த தக்காளியின் விலையை வட்டி இறக்காது. ஆனால் கட்டட வேலை சுணங்கினால் முதலில் வேலை இழப்பவர் சித்தாள்.

வட்டி இறங்கும்போதாவது பலன் உண்டா? 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மிதவை வட்டி வீட்டுக்கடன்களும் சிறுதொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் பட்டாவும் சொத்தும் உள்ளவர்களின் கடன்கள். நம் மக்களிடம் பட்டா ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இலேயே அதை எழுதிவிட்டார். அதன் விளைவாக 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பறிபோயின. அவற்றை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் இரண்டு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம்.

நிலமில்லாதவருக்கு அடமானம் இல்லை. அடமானம் இல்லாதவருக்கு மைக்ரோ ஃபைனான்ஸ். அந்தக் கடன்களுக்கான வட்டி உச்சவரம்பை 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே நீக்கியது. கொள்ளை வட்டி கூடாது என்ற அறிவுரை மட்டும் மிஞ்சியது. அளவுமீறிய வட்டிக்காக 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதுக்கடன் தர அதே வங்கி தடை போட வேண்டியிருந்தது. அறிவுரை போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வட்டி ஏறினால் வேலை போகிறது, இறங்கினால் பலன் ஊரோடு நின்றுவிடுகிறது. சாதி வகுத்த பாதையில்தான் பணமும் நடக்கிறது. குழுக்கடன் வட்டிக்கு மீண்டும் உச்சவரம்பு வேண்டும். பணக்கொள்கைக் குழுவின் ஆறு பேரும் விலைவாசியோடு கூலியையும் வேலையையும் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டும். பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். மூன்றும் ஒரே கோரிக்கைதான், தோழர்களே.