காற்றின் கணக்கு காலாவதியானதா?

விமானி உரிமத்துக்கான எழுத்துத்தேர்வு இன்றைய பறத்தலோடு ஒட்டாத பழம்பாடம் என்றும், செயற்கைக்கோளும் கணினியும் வழிகாட்டும் காலத்தில் அழுத்தக்கோடுகளையும் திசைக்கணக்கையும் கற்பது வீண் என்றும் ஒரு நம்பிக்கை பயிற்சி மாணவரிடையே மட்டுமன்றி, அவர்களுக்காகப் பெருந்தொகை செலவிடும் பெற்றோரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் வேண்டுவோர் வழிச்செலுத்தல், வானிலையியல், விமான விதிகள் முதலிய பாடங்களில் 70 விழுக்காடு பெற வேண்டும் என்பதை இவர்கள் வெறும் சடங்காகவே கருதுகின்றனர். இக்கருத்து பிழையானது என்பதை, விமான நிலையமே இல்லாத காரைக்காலின் காற்றைக் கொண்டே நிறுவலாம்.

வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவரின் இடப்புறத்தில் தாழ்வழுத்தம் இருக்கும் என்பது, டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வடக்கே புதுச்சேரி அருகே கரையேறியது. இவ்விதிப்படி, புயல் தெற்கே கடந்தால் காரைக்காலில் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்குக்கும் பின்பு தென்கிழக்குக்கும் திரும்பும். வடக்கே கடந்தால் வடமேற்கிலிருந்து மேற்குக்கும் தென்மேற்குக்கும் மாறும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதன் திருப்பத்தைக் கண்டு படகைக் கரைசேர்த்த மீனவர் அனுபவத்தால் அறிந்ததையே தேர்வு விதியாகக் கேட்கிறது.

இவ்விதி விமானியின் அறைக்குள்ளும் செல்லும். உயரமானி என்பது உயரத்தை நேரடியாக அளக்கும் கருவியன்று. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, விமானி பதிவுசெய்த தரையழுத்தத்தோடு ஒப்பிட்டு அதை உயரமாக மாற்றிக் காட்டுவது. ஒரு ஹெக்டோபாஸ்கல் என்னும் அழுத்த அலகு பிழைத்தால் கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 30 அடி பிழைக்கும். பத்து அலகு பிழைத்தால் 300 அடி. இடப்புறத்துக் காற்று விமானத்தை வலப்பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தால் அது தாழ்வழுத்தத்தை நோக்கிச் செல்கிறது என்பதும், பழைய அழுத்த எண்ணையே வைத்திருந்தால் கருவி காட்டுவதைவிடத் தாழப் பறக்கிறது என்பதும் அவ்விதியிலிருந்தே பெறப்படும். புதிய விமானத்தில் முள் போய்த் திரை வந்திருக்கிறது. அத்திரையின் எண்ணுக்கு ஆதாரம் இன்றும் காற்றழுத்தமே.

கருவி கைவிடும் வேளையும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமறியும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைக்க, தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. விமானத்தின் மூக்கு தொடர்ந்து உயர்த்தப்பட்டதால் இறக்கை தாங்குவிசையை இழந்தது. அந்நிலையை விமானிகள் உணரவில்லை. 228 பேர் மாண்டனர். இறக்கை எப்போது தாங்குவிசையை இழக்கும் என்பது பாடநூலின் தொடக்கப் பாடம்.

தேர்வின் குறை பாடத்தில் இல்லை, வினாவில் இருக்கிறது. வினாத்தொகுப்பை நெட்டுருப்போட்டு நான்கில் ஒன்றைத் தெரிவு செய்பவர், புரியாமலே தேறிவிட முடிகிறது. ஃபெஞ்சல் கரையேறிய நாளின் வானிலை வரைபடத்தைக் கையில் கொடுத்து, காரைக்காலுக்கு மேலாகச் சென்னை நோக்கிப் பறக்கும் விமானத்தின் உயரமானி எவ்விடத்தில், எவ்வளவு பொய் சொல்லும் என்று கேட்கும் தேர்வே வேண்டும்.