லாரியின் எடையை அறிந்தவர் யார்?

பகாவ், ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளைத் தினமும் பார்க்கிறீர்கள். உங்கள் பள்ளிப் பேருந்தும் அதே சாலையில்தான் போகிறது. லாரியின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வெறும் லாரியின் எடை. மற்றது சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை. இதை மீறுவோரைப் பிடிப்பது ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பணி.

"கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த சோதனை இதற்குப் பதில் தந்தது. சாலையின் சேதம், அச்சின் சுமையைப் பொறுத்து ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது. 10 டன் இருக்க வேண்டிய அச்சில் 12 டன் இருந்தால், 1.2 × 1.2 × 1.2 × 1.2 = 2.07. சுமை கூடியது 20 விழுக்காடு; சேதமோ இரண்டு மடங்கு!

பிரேக்கும் தப்பாது. நிறை கூடினால் இயக்க ஆற்றலும் கூடும். அத்தனையையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கல் லாரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் உயிரிழந்தனர். அந்த லாரி அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருந்ததை விசாரணை காட்டியது.

எடை நிலையம் ஓரிடத்தில் இருக்கிறது. லாரிக்கோ பல வழிகள். அதிகாரிகளை வேவு பார்த்துத் தகவல் சொல்லும் 'தொந்தோ'க்களும் உண்டு. ஆகவே, நிலையத்தை மட்டும் நம்பினால் போதாது என்பது என் கருத்து.

செம்பனை ஆலையின் வாசலிலேயே எடை மேடை இருக்கிறது. லாரி உள்ளே வரும்போதும் குலையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் நிறுக்கிறார்கள். வித்தியாசம்தான் குலையின் எடை, பணமும் அதற்கே. பணத்துக்கு உதவும் அந்தக் கணக்கு, பாதுகாப்புக்கும் உதவ வேண்டாமா? ஆலைகள் அதை ஜே.பி.ஜே.வுக்கு அனுப்பச் சட்டம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2014 முதல் நடப்பில் உள்ள கனரக வாகனச் சட்டம், ஓட்டுநரோடு சுமையை அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர் ஆகியோரையும் பொறுப்பாக்குகிறது.

சுமையைக் குறைத்தால் நடை கூடும், செலவு கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால், அந்தச் செலவை இன்று நாம்தான் சாலை பழுதுபார்க்கும் வரிப்பணமாகவும் சில வேளை உயிராகவும் கொடுக்கிறோம். சுமையால் இலாபம் பெறுபவரே அதன் பொறுப்பையும் ஏற்பதுதான் நியாயம்.